பேட்டரி மெஷின் ஷாக் அடிக்காது

ஏப்ரல் 9, செவ்வாய்

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. இதை இன்று இரண்டு பேருக்கு விளக்க வேண்டியிருந்தது.

காலையில் கோமதிக்கு முகம் துடைக்கும்போது என் ஈரக் கை மூச்சு மெஷினில் பட்டது. சுருக்கென்று மணிக்கட்டு வரை ஏறியது. கூடமாட ஒத்தாசைக்கு இருக்கும் எஸ்தரைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன். ரப்பர் செருப்போடு வந்து, காய்ந்த விரலால் தொட்டுவிட்டு, "ஒண்ணுமில்லையேம்மா. உங்களுக்கு சுகர் பாத்தாச்சா? எங்க அம்மைக்கும் இப்படித்தான் விரல்ல குத்தும்" என்றாள். மெஷின் கம்பெனிக்குப் போன் செய்தேன். அங்கிருந்தவனும் அதையே கேட்டான். "வயசானா நரம்பு அப்படித்தான் மேடம். அது பேட்டரி மெஷின். பேட்டரி மெஷின் ஷாக் அடிக்காது."

பாளையங்கோட்டைக் கான்வென்டில் படித்த காலம் முழுவதும், பொய் சொன்னதற்காக நான் ஒருநாளும் முட்டி போட்டதில்லை.

கோமதி என் கணவரின் தங்கை. நரம்பு நோய் வந்து கை, கால், பேச்சு என்று ஒவ்வொன்றாகப் போய்விட்டது. கண் இமை மட்டும் அவள் சொன்னபடி கேட்கிறது. ஒருமுறை மூடித் திறந்தால் ஆமாம். இருமுறை என்றால் இல்லை. முகத்தில் மாட்டிய மூடி வழியாக மெஷின்தான் அவளுக்குக் காற்றைத் தள்ளுகிறது. கட்டிலின் இரும்புக் கம்பியிலேயே அதைக் கவ்வி மாட்டியிருக்கிறார்கள். உள்ளே பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் நாலு மணி நேரம் ஓடும் என்றார்கள்.

"கோமு, உனக்கும் அடிக்குதா?" என்று கேட்டேன்.

ஒருமுறை மூடித் திறந்தாள்.

"எத்தனை நாளா?"

அதற்குக் கண்ணால் எப்படிப் பதில் சொல்வாள்? கேட்டவளுக்கு அறிவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

கம்பெனி ஆள் மத்தியானம் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஷூ. வீட்டுக்குள் ஷூவோடு வரக்கூடாது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. மெஷினைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லையாம். நானும் தொட்டேன். அந்த நேரத்தில் எனக்கும் அடிக்கவில்லை. அதுதான் எரிச்சல்.

"என்னை நம்ப வேண்டாம். அவளிடம் கேளுங்கள்" என்றேன்.

அவன் குழந்தையிடம் பேசுவதுபோல் குனிந்து, "அம்மா, ஷாக் அடிக்குதா?" என்றான். கோமதி அவனை நேராகப் பார்த்து, கண்ணை மூடித் திறந்தாள்.

அவன் என் பக்கம் திரும்பி, "கண்ணு காஞ்சிருக்கும் மேடம். சொட்டு மருந்து போடுங்க" என்றான்.

நாற்பது வருடம் பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

ஏப்ரல் 12, வெள்ளி

சொட்டு மருந்து வாங்கவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

டெஸ்டரை எடுத்து நானே உட்கார்ந்தேன். சுவரில் மெஷின் பிளக் சொருகியிருக்கும்போது, சில நேரம், மெஷின் உடம்பில் வைத்தால் டெஸ்டருக்குள் விளக்கு எரிகிறது. கட்டில் கம்பியில் வைத்தாலும் எரிகிறது. பிளக்கைப் பிடுங்கி பேட்டரியில் ஓட விட்டால் எரியவில்லை. அப்படியானால் பேட்டரி மேல் குற்றம் இல்லை. ஆனால் பேட்டரிக்குச் சாப்பாடு சுவரிலிருந்துதானே வருகிறது? சார்ஜ் ஏறுகிற வரை அது பேட்டரி மெஷின் இல்லை, கிரைண்டர் மாதிரி, இஸ்திரிப் பெட்டி மாதிரி, சுவரோடு கட்டிய இன்னொரு இரும்பு. இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டாம்.

எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "சார் இருந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பாங்க" என்றாள். சார் என்றால் என் கணவர், மின்வாரியத்தில் என்ஜினீயராக இருந்தவர். வீட்டில் ஒரு பல்பைக்கூட அவர் கழற்றி மாட்டியதில்லை. ஃபியூஸ் போனால் "ஆவுடை, பாரேன்" என்பார். பார்த்தது எல்லாம் நான்தான்.

பிளக்கைப் பிடுங்கியே வைக்கலாம் என்றால் நாலு மணி நேரம் கழித்து அவளுக்குக் காற்று யார் தருவது? சொருகினால் ஷாக், பிடுங்கினால் மூச்சு இல்லை. நல்ல மெஷின்.

ஏப்ரல் 16, செவ்வாய்

எங்கள் குடியிருப்புக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் சுடலை வந்தான். மெஷின் ஒயரை எடுத்துப் பார்த்தான். மூன்று பின் இருக்கும் பிளக்கில் பெரிய பின்னைக் கழற்றிப் போட்டுவிட்டான். "இதுதான் ஆச்சி எர்த்து. இது வழியாத்தான் வருது. இப்ப தொடுங்க." தொட்டேன். அடிக்கவில்லை. எஸ்தர் கை தட்டினாள். இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்பினேன்.

ஏப்ரல் 18, வியாழன்

முட்டாள். சுடலை அல்ல, நான்.

முன்பு சில நேரம் மட்டும் அடித்தது. இப்போது எந்த நேரமும் மெஷின் மேல் லேசான நடுக்கம். புறங்கையால் தடவினால் வெல்வெட் துணி மாதிரி இருக்கிறது. டெஸ்டர் அணைவதே இல்லை. எந்த மெஷினிலும் கொஞ்சம் மின்சாரம் கசியத்தான் செய்யும். அது மண்ணுக்குப் போவதற்காக வைத்த வழி அந்தப் பெரிய பின். வழியை அடைத்தால் அது மெஷினிலேயே நிற்கும். தொடுகிறவர்கள் வழியாகப் போகும். மெஷினோடு எந்நேரமும் கட்டியிருப்பவள் யார்?

பின்னை நானே திரும்ப முடுக்கினேன். சுடலையைப் போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "நல்லது செஞ்சாலும் ஏசுதீங்களே ஆச்சி" என்றான்.

மெஷினைக் கட்டிலிலிருந்து கழற்றி மர ஸ்டூலில் வைத்திருக்கிறேன். கட்டில் இப்போது சுத்தம். மெஷினில் இன்னும் சில நேரம் டெஸ்டர் எரிகிறது.

ஏப்ரல் 20, சனி

புனேயிலிருந்து மகன் பேசினான். "அம்மா, அத்தையை நல்ல ஹோம்ல சேத்துடலாம். ஒங்களுக்கு முடியலல்லா." என் கல்யாணத்துக்கு மறுநாள் நான் வைத்த ரசத்தைக் கழுநீர் என்று சொன்னவள் இவள். அவளை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு விதியும் இல்லை. அவனிடம் அதைச் சொல்லவில்லை. "முடியாதது எனக்கில்லை, இந்த வீட்டுக் கரண்டுக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

கோமதிக்குக் கஞ்சி ஏற்றிக்கொண்டிருந்தேன். மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கே அவள் கண் சுருங்கியது. டெஸ்டரை மெஷின்மேல் வைத்தேன். எரிந்தது. தண்ணீர்ச் சத்தம் நின்றது. டெஸ்டர் அணைந்தது.

படியிறங்கி மோட்டார் அறைக்குப் போனேன். முட்டி வலி தனிக் கதை. வாட்ச்மேன் அங்கே ஒரு பலகைத் துண்டின்மேல் நின்றுகொண்டு ஸ்விட்ச் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"பலகை எதுக்கு?"

"சும்மா நின்னா சுர்ருங்கும் ஆச்சி. பலகையில நின்னா ஒண்ணும் செய்யாது."

"எப்பவிருந்து?"

"போன மாசம், பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம் முடிஞ்சதுலருந்து இருக்கும்."

"செகரட்டரிகிட்ட சொன்னீரா?"

"அவருதான் பலகை குடுத்தாரு."

போர் மோட்டார் கசிகிறது. எல்லா வீட்டு எர்த் ஒயரும் ஒன்றோடொன்று சேர்ந்துதான் மண்ணுக்குப் போகிறது. மண் அதை வாங்கவில்லை என்றால் அது எங்கே போகும்? எல்லா வீட்டுக்கும் திரும்பி வரும். மற்ற வீடுகளில் வாஷிங் மெஷினைத் தொடுகிறவர் கையை எடுத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் கையை எடுக்க முடியாதவள் இருக்கிறாள்.

இப்படிக் கசிந்தால் தானாக விழுந்து கரண்டை நிறுத்த ஒரு டிரிப்பர் இருக்க வேண்டுமே? சுடலையைக் கேட்டேன். "இருந்துது ஆச்சி. மோட்டார் போட்டாலே விழுந்துட்டு. சும்மா சும்மா விழுதேன்னு அதை விட்டுட்டு லைனை நேரா குடுத்துட்டேன்."

ஏப்ரல் 24, புதன்

மீட்டர் அறைச் சுவரிலிருந்து ஒரு இரும்புப் பட்டை இறங்கி, கட்டிடத்தின் பின்மூலைக்குப் போகிறது. அங்கே பிள்ளையார். பட்டை பிள்ளையாருக்கு முன்னால் போட்ட புதுக் கிரானைட்டுக்குள் புகுந்து மறைகிறது. அதன் அடியில்தான் எர்த் குழி, கரியும் உப்பும் போட்டு எர்த்தை மண்ணில் இறக்குகிற இடம்.

மின்வாரியக் குடியிருப்பில் இருந்தபோது வெயில் காலத்தில் ஒரு ஆள் குடம் குடமாக எர்த் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவார். மண் காய்ந்தால் எர்த் செத்துவிடும். இங்கே யாரும் ஊற்றியதில்லை. ஊற்றத் தேவையும் இருக்கவில்லை. ஏனென்றால் பிள்ளையார் முன்பு வேப்பமரத்தடியில் சிமெண்டு மேடையில் இருந்தார். தினமும் அவர் தலையில் ஊற்றிய தண்ணீர் வழிந்து அந்தக் குழிக்குள்ளேயே இறங்கியது. பங்குனியில் எல்லோரும் பணம் போட்டு மேடையை உயர்த்தி, தரைக்குக் கிரானைட் பதித்து, அபிஷேகத் தண்ணீரைப் பிளாஸ்டிக் குழாயில் பிடித்துச் சாக்கடைக்கு விட்டார்கள். சுத்தமாக இருக்கிறதாம்.

நானும் ஐயாயிரம் கொடுத்தேன்.

ஏப்ரல் 27, சனி

வழக்கமில்லாத நேரத்தில் மோட்டாரைப் போட்டிருக்கிறார்கள். எஸ்தர் ஈரத் துணியோடு ஒரு கையைக் கோமதி நெற்றியில் வைத்து, மறு கையால் மெஷினைப் பிடித்து நகர்த்தியிருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தூக்கிப் போட்டது. எஸ்தர் பின்னால் விழுந்தாள். விழுந்த வேகத்தில் குழாய் இழுபட்டு முகமூடி கழன்றுவிட்டது. நான் ஓடி வரும்போது கோமதியின் உதடு நிறம் மாறியிருந்தது.

மூடியை மாட்டினேன். வார் புதிது, அதனால் மாட்டுவதற்கு நேரமாயிற்று. எஸ்தர் அழுதாள். நான் அழவில்லை. கண்ணில் வியர்வை.

பிறகு எஸ்தர், இந்த வாரம் தானே எழுதித் தயாரித்த எழுத்து அட்டையை எடுத்தாள். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தொட, கோமதி கண்ணால் நிறுத்த வேண்டும். அரைமணி நேரம் ஆனது. "எஸ்தருக்கு அடிபட்டதா" என்று கேட்டிருந்தாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

குடியிருப்போர் கூட்டம். செகரட்டரி குத்தாலிங்கம் கூட்டுறவுச் சங்கத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கும் அவருக்கும் ஐந்து வயது வித்தியாசம். நான் அவருக்கு ஆச்சியாம்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மோட்டார், டிரிப்பர், குழி, கிரானைட்.

"ஆச்சி, கும்பாபிஷேகம் ஆகி மண்டல பூஜை நடந்துகிட்டு இருக்கு. இப்பப் போய் அங்க கடப்பாரை போடலாமா? ஒரு வீட்டு மெஷினுக்காக சாமி காரியத்தைக் கெடுக்கச் சொல்லுதீங்களே."

"பிள்ளையாரைத் தொட வேண்டாம். முன்னால் இருக்கிற கல்லை எடுத்தால் போதும்."

"மண்டலம் முடியட்டும். மெஷின் கம்பெனியிலயும் விசாரிச்சேன். பேட்டரி மெஷின் ஷாக் அடிக்காதாம்."

பின் வரிசையிலிருந்து யாரோ, "ஆச்சி கான்வென்ட் படிப்பு. சாமின்னா அவங்களுக்கு அப்படித்தான்" என்றார். சிரித்தார்கள்.

அப்பர் தேவாரத்தைப் புத்தகம் பார்க்காமல் சொல்கிறவள் நான். சொல்லிக் காட்டவில்லை. அவர்களுக்குப் பாட்டுக் கச்சேரி நடத்த நான் போகவில்லை.

வீட்டுக்கு வந்து கோமதியிடம், "மண்டலம் முடியணுமாம்" என்றேன். அவள் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 1, புதன்

அவளைத் தொடுகிற கை மெஷினையும் தொடாமல் இருக்காது. அதனால் மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் பிளக்கைப் பிடுங்க வேண்டும். நின்றதும் சொருக வேண்டும். வெயில் காலம், போரில் தண்ணீர் இறங்கிவிட்டது, நினைத்த நேரமெல்லாம் மோட்டார் ஓடுகிறது. பிடுங்கிச் சொருகியே பேட்டரி சோர்ந்துவிட்டது. நாலு மணி நேரம் தாங்கியது இப்போது ஒன்றரை மணிக்கே கத்துகிறது.

நான் கோமதி அறையிலேயே நாற்காலியில் இருக்கிறேன். அங்கே காற்று நன்றாக வருகிறது.

மே 3, வெள்ளி

காலையில் கோமதியிடம் கேட்டேன். "மோட்டார் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கப் போறேன். கட்டிடம் முழுக்கத் தண்ணி இல்லாமப் போகும். நம்ம வீட்லயும்தான். உனக்குத் துடைக்கக்கூட அளந்துதான். செய்யட்டுமா?"

முடிப்பதற்குள் கண்ணை மூடித் திறந்துவிட்டாள்.

எஸ்தரை மூன்று வாளி பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு இறங்கினேன். மோட்டார் மெயினை இறக்கி, வாட்ச்மேன் பலகையில் நானும் ஏறி நின்று, மூன்று பீங்கான் கட்டைகளையும் உருவினேன். மேலே வந்து கோமதியின் தலையணைக்கு அடியில் வைத்தேன். பிளக்கைச் சொருகினேன். டெஸ்டர் எரியவில்லை. பேட்டரி நிம்மதியாகச் சார்ஜ் ஏறியது.

பத்து மணிக்குத் தொட்டி காலி. பதினொன்றுக்குக் குத்தாலிங்கம் கதவைத் தட்டினார். பின்னால் குடங்களோடு ஏழெட்டுப் பேர்.

"ஆச்சி, கட்டையைக் குடுங்க. பொதுச் சொத்து அது."

"அவ தலைக்கு அடியில இருக்கு. எடுத்துக்கோங்க."

உள்ளே வந்தார். கட்டில் வரை போனார். இத்தனை நாளில் அந்த அறைக்குள் அவர் வருவது இதுதான் முதல்முறை. கோமதி அவரையே பார்த்தாள். மெஷின் காற்றைத் தள்ளியது, நிறுத்தியது, தள்ளியது. அவர் கையை நீட்டிவிட்டு, மடக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"சுடலை, கடைக்குப் போய்ப் புதுக் கட்டை வாங்கிட்டு வாடே" என்றார்.

சுடலை வாங்கி வந்தான். நானும் நாற்காலியை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்கு இறங்கினேன். அவனைத் தடுக்கவில்லை. பலகையை மட்டும் எடுத்து என் காலடியில் வைத்துக்கொண்டேன்.

"போடு சுடலை. செருப்பைக் கழட்டிட்டு, தரையில நின்னு போடு."

அவன் பெட்டியைப் பார்த்தான். செகரட்டரியைப் பார்த்தான்.

"போடேம்ல" என்றார் அவர்.

"பலகை வேணும் அண்ணாச்சி."

"எதுக்கு?" என்று கேட்டது நான் இல்லை. மூன்றாம் மாடிப் பெண். இடுப்பில் காலிக் குடம். "எதுக்குப் பலகை? ஒண்ணும் இல்லைன்னுதான கூட்டத்துல சொன்னீங்க?"

"சேப்டிக்கும்மா."

"எம் பிள்ளை தினமும் வெறுங்காலோட வாஷிங் மெஷினைத் தொடுதான். அவனுக்கு எங்க சேப்டி? நேத்துகூட 'கடிக்குதும்மா'ன்னான். எறும்புன்னு நினைச்சு அடிச்சேன் அவனை."

அதற்குப் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. என் வாழ்நாளில் நான் பேசாமல் ஒரு காரியம் நடந்தது இன்றுதான். மண்டல பூஜையைப் பற்றி அவர் மீண்டும் ஆரம்பித்தார். அந்தப் பெண் அங்கேயே குருக்களுக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். குருக்கள், "பீடத்தைத் தொடாமத் தரையைத்தானே திறக்கறேள்? ஒரு தேங்காயை உடைச்சுட்டுத் தாராளமா வெட்டுங்கோ. இதைக் கேக்கவா இத்தனை நாள்?" என்றார்.

மே 4, சனி

கிரானைட்டை எடுத்தார்கள். குழிக்குள் கரி மாவாய்க் காய்ந்திருந்தது. பட்டையைப் பிணைத்த போல்ட் துருப்பிடித்து, கையால் இழுத்ததும் வந்துவிட்டது. சுடலை அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். புதிதாகக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றினார்கள். குடித்துக்கொண்டே இருந்தது.

குழிக்கு மூடி போடச் சொன்னேன், திறக்கிற மூடி. குத்தாலிங்கம் "அழகா இருக்காதே" என்றார். நான் பார்த்த பார்வையில் மூடி போட்டார்கள்.

மே 5, ஞாயிறு

டிரிப்பரைத் திரும்ப இணைத்தார்கள். மோட்டாரைப் போட்ட கணத்தில் விழுந்தது.

"பாத்தீங்களா, இதுக்குத்தான் ஆச்சி நான் அன்னைக்கு…" என்றான் சுடலை.

"விழுறதுக்குத்தாண்டா அதை வச்சிருக்கு!"

போரிலிருந்து மோட்டாரை மேலே தூக்கி, காயில் கம்பியைப் புதிதாகச் சுற்றக் கொடுத்திருக்கிறார்கள். லாரித் தண்ணீர். எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டே பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும்.

மே 8, புதன்

மோட்டார் வந்து இறங்கிவிட்டது. ஓட விட்டுப் பார்க்க வேண்டும். குத்தாலிங்கம், சுடலை, மூன்றாம் மாடிப் பெண் மூவரும் வந்தார்கள். செருப்பை வெளியில் விட்டார்கள். கம்பெனி ஆளும் புதுப் பேட்டரியோடு வந்திருந்தான். ஷூவைக் கழற்றியிருந்தான்.

முதலில் நான் தொடுவது என்று ஏற்பாடு. கையை நனைத்துக்கொண்டு போனேன். கோமதி கண்ணை மூடித் திறந்தாள், மூடித் திறந்தாள். இல்லை.

"என்ன இல்லை? நான் தொட வேண்டாமா?"

ஒருமுறை. ஆமாம்.

"பின்ன யாரு? சுடலையா?"

இருமுறை.

எஸ்தருக்குத்தான் முதலில் புரிந்தது. "அம்மா, அவங்களே தொடணுமாம்."

முடியவே முடியாது என்றேன். எவ்வளவு சொன்னாலும் அவள் என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கணக்கு டீச்சர். யார் விடை தப்பு, யார் விடை சரி என்று அவள்தான் சொல்ல வேண்டும் என்கிறாள். எத்தனை வாரமாகச் சொன்னாள்? யார் கேட்டார்கள்?

எஸ்தர் துணியை நனைத்து அவள் விரல்களை ஈரமாக்கினாள். நான் அந்தக் கையைத் தூக்கி மெஷின்மேல் வைத்தேன். தானாக நிற்காதே, அதனால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். என் மறு கையும் ஈரம்தான். அதைக் கட்டில் கம்பியில் ஊன்றிக்கொண்டேன். சாய்ந்து நிற்க ஒரு பிடிப்பு வேண்டாமா?

கீழே வாட்ச்மேன் மோட்டாரைப் போட்டார். மாடித் தொட்டியில் தண்ணீர் விழத் தொடங்கியது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அவளைக் கேளுங்கள்" என்றேன்.

குத்தாலிங்கம் முன்னால் வந்தார். குனியவில்லை. நேராக நின்று, "டீச்சர், ஷாக் அடிக்குதா?" என்று கேட்டார்.

கோமதி அவரைப் பார்த்தாள். இமைக்கவில்லை. அவர் நெற்றியில் வியர்த்தது. இன்னும் இமைக்கவில்லை. வேண்டுமென்றேதான், அவளை எனக்குத் தெரியும். கம்பெனி ஆள் "கண்ணு…" என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டான்.

அவர்கள் போதுமான அளவு நின்ற பிறகு, கோமதி கண்ணை மூடித் திறந்தாள். அத்தனை பேருக்கும் முகம் விழுந்துவிட்டது.

பிறகு, அவசரமில்லாமல், இரண்டாவது முறையும் மூடித் திறந்தாள்.